வாரவருக்கு வெந்நீர்

மிகால் அண்ணன் முதுகு கழுவமாட்டார். நாங்கள் இருந்த வீட்டு வரிசையில் எவனும் கழுவமாட்டான். கையும் முகமும் மார்பும் தினம் தொட்டித் தண்ணீரைப் பார்க்கும். முதுகுக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு தடவை, ஈஸ்டருக்கு முந்தின நாள் ஒரு தடவை. நடுவில் தண்ணீர் பட்டால் முதுகு இளகிவிடும், இளகின முதுகின்மேல்தான் சுரங்கத்துக் கூரை வந்து உட்காரும் என்று ஸ்லோவாக்கிய மலையிலிருந்து கப்பலேறும்போதே நாங்கள் கேட்டுக்கொண்டு வந்த பேச்சு. பென்சில்வேனியாவுக்கு வந்து பார்த்தால் வேல்ஸ்காரனும் அதையே நம்புகிறான்.

கழுவாத முதுகுக்கு ஒரு நிறம் உண்டு. கறுப்பு என்று சொல்ல முடியாது. அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரின் நிறம்.

நான் அந்த வீட்டில் எட்டு வருஷம் குடியிருந்தேன். கம்பெனி வீடு. கீழே சமையலறையும் ஒரு படுக்கையறையும், மேலே கூரைக்கடியில் என் கட்டில். மிகால் அண்ணன் வெடி வைப்பவர், அதற்கான சீட்டு அவரிடம் இருந்தது. நான் அவர் உடைத்துப் போடுகிற கரியை வண்டியில் அள்ளிப் போடுகிறவன். அவர் மகள் இல்காவுக்கு ஞானத்தகப்பனும் நானே. அதனால் அவர் மனைவி வெரோனா என்னைக் கும்பாதிரி என்றுதான் கூப்பிடுவாள். இல்கா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது அவளுடைய பலகையில், அவளோடு உட்கார்ந்து, முப்பத்து நாலு வயசில் நான் எழுத்துக் கற்றேன். அவள் ஒரு வாரத்தில் தாண்டிப் போனதை நான் ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம் அது. அக்டோபர் கடைசியில் மிகால் அண்ணன் ஒருநாள் சுரங்க வாசலுக்குப் போகிற மேட்டில் பாதியில் நின்றார். என்னண்ணே என்றேன். "மேடு கூடிப்போச்சுலே" என்றார். மேடு அப்படியேதான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் குடித்த கரித்தூசி அவர் நெஞ்சில் கல்லாகிவிட்டிருந்தது. அடுத்த வாரம் படுக்க முடியாமல் போயிற்று. படுத்தால் மூச்சு நின்றுவிடும். அடுப்பு ஓரத்தில் நாற்காலி போட்டு, முன்னால் ஒரு பலகையில் தலையணை வைத்து, அதில் சாய்ந்தபடியே இரவும் பகலும் இருந்தார்.

கம்பெனி வீட்டுக்கு ஒரே சட்டம். யார் பெயரில் வீடோ அந்த ஆண் சுரங்கத்துக்கு இறங்கினால் வீடு, என்னைப் போல ஒண்டிக் குடியிருப்பவன் கணக்கில்லை. இறங்காவிட்டால் பத்து நாளில் காலி செய்ய வேண்டும். இறங்கினானா என்பதற்குச் சாட்சி பித்தளை வில்லை. ஆளுக்கொரு வில்லை, அதில் ஒரு எண். இறங்கும்போது வாசலில் உள்ள பலகையில் ஆணியில் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். மிகால் அண்ணன் இருநூற்றுப் பதினாலு. நான் இருநூற்றுப் பதினைந்து.

நான் இரண்டையும் மாட்டினேன்.

அது அவ்வளவு சுலபமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கணக்கன் ஃபின்னுக்கு எங்கள் பெயர் வாயில் நுழையாது. முகமும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே முகம்தான் என்று எங்கள் காதுபடவே சொல்வான். ஆணியில் எண் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான். உள்ளே நான் அண்ணனுடைய வெடியையும் வைத்து, என் கரியையும் அள்ளி, நாலில் இரண்டு வண்டிக்கு அவர் எண்ணைப் போட்டேன். எங்கள் வரிசை முழுக்க இது தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம், வேல்ஸ்காரர்களும் ஐரிஷ்காரர்களும் இருந்த பக்கத்தில், ஒருவருக்கும் தெரியாது. அவர்களில் முக்கியமாகத் தெரியக்கூடாத ஆள் உள்மேஸ்திரி பிரிட்சர்ட். யார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவன் அவன்தான். போன பனிக்காலத்தில் புருஷன் செத்த அன்காவையும் மூன்று பிள்ளைகளையும் அந்தப் பத்து நாள்கூடக் கொடுக்காமல் அடக்கம் முடிந்த ஐந்தாம் நாளே வெளியே அனுப்பியவன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், திருவருகைக் காலம், தொடங்கியது. விடிவதற்கு முன் பூசை. இறங்கப் போகிறவர்கள் தொப்பியில் விளக்கை ஏற்றிக்கொண்டே கோயிலுக்கு வந்து நிற்போம், சாமியார் வேறு விளக்கு ஏற்றவேண்டியதே இல்லை. விளக்கின் கார்பைடு நாற்றத்தில் சாம்பிராணி மணக்காது. அங்கிருந்து அப்படியே சுரங்கம். வெரோனாவால் புருஷனை விட்டுவிட்டு வர முடியாது. சாயங்காலம் நான் தொட்டியில் உட்கார்ந்ததும் கேட்பாள்.

"இன்னைக்குச் சாமியார் என்ன சொன்னாரு, கும்பாதிரி?"

"அதேதான் மைனி. ஆண்டவரு எந்த நேரம் வருவாருன்னு தெரியாது, திருடன் மாதிரி வருவாரு, முழிச்சிருங்கன்னாரு."

நாற்காலியிலிருந்து அண்ணன் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச்சு வரும். "நான்தான்... முழிச்சே இருக்கேனே. திருடன் வந்தா... என்னத்த எடுத்துட்டுப் போவான்? இந்த இருமலையா? எடுத்துக்கச் சொல்லு."

"சும்மா இருங்க. சாமி பேச்சுல கேலி வேண்டாம்."

வெரோனாவுக்கு அவள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. திருவருகைக் காலம் முழுக்க, வீட்டுக்குத் தேவையான வெந்நீர் போக, அடுப்பில் இன்னொரு கெட்டில் காய்ந்துகொண்டே இருக்கும். யாரும் தொடக்கூடாது. கேட்டால் "வாரவருக்கு" என்பாள். எங்கிருந்தோ நடந்து வருகிறவர், காலில் பனி இருக்கும், வந்தால் கழுவ வெந்நீர் வேண்டாமா என்பாள். ராத்திரி படுக்கப்போகும்போது அதைப் பாத்திரம் கழுவ ஊற்றிவிட்டு, காலையில் புதிதாக வைப்பாள். அந்தத் தண்ணீருக்காகவே அவள் கரிமேட்டுக்கு இரண்டு நடை கூடுதலாகப் போவாள். சுரங்கத்துக் கழிவு மலைபோலக் குவிந்திருக்கும். அதில் ஏறி நல்ல கரித்துண்டாகப் பொறுக்கிச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்து வருவாள். விரல்நுனியெல்லாம் வெடித்து ரத்தம் காய்ந்திருக்கும்.

அந்தக் கெட்டிலைப் பார்த்து ஒருநாள் அண்ணன் கேட்டார். "வெரோனா... வாரவரு... மேஸ்திரியா இருந்தா என்ன பண்ணுவ?"

"அவன் மூஞ்சில ஊத்துவேன்" என்றாள்.

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அரை மணி ஆயிற்று. துணியில் கறுப்பாக வந்தது. வெரோனா அவர் சட்டைக்குள் கைவிட்டு முதுகைத் தடவினாள். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கக் கரி.

"இதயாவது கழுவி விடுதேனே. வேர்வையும் கரியும் சேந்து புண்ணு வந்துரும்."

"கிறிஸ்துமஸுக்கு."

"நீங்கதான் சுரங்கத்துக்குப் போகலையே. எந்தக் கூரை உங்க மேல விழப்போகுது?"

"தை மாசம் போவேன்லா. இளகின முதுகோடயா போக?"

வெரோனா என்னைப் பார்த்தாள். நான் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டைக்கோசும் காய்ந்த காளானும் போட்ட சூப். நோன்பு நாள், இறைச்சி கிடையாது. மற்ற நாளிலும் கிடையாதுதான். நோன்பு என்று சொல்லிக்கொள்ள இந்தக் காலத்தில் ஒரு வசதி.

இரண்டாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சுரங்கத்தில் நாங்கள் கரி வெட்டுகிற அறையிலிருந்து வெளியே போகிற வழியில் கூரை பேசியது. கரிக்கூரை விழுவதற்கு முன் பேசும். முதலில் எலி பிறாண்டுகிற மாதிரி, அப்புறம் கதவு முனகுகிற மாதிரி. நான் அள்ளுவதைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி வழி தாண்டியதும் பின்னால் மலை உட்கார்ந்தது. காற்று என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். வலி பிறகுதான் வந்தது.

அன்று இறங்கியிருந்த எல்லாரும் எப்படியோ வெளியே வந்து சேர்ந்தோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓடையின் இரு பக்கத்துப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவனாக ஆணியிலிருந்து வில்லையை எடுக்க, எடுத்தவன் பெண்டாட்டி அழுதுகொண்டே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் என்னுடையதை எடுத்தேன். இன்னொன்றுக்குப் பழக்கத்தில் வலக்கையை நீட்டப் போனேன். கை எழவில்லை. இடக்கையை நீட்டினபோது பிரிட்சர்ட் பலகைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான்.

பலகையில் ஒரே ஒரு வில்லை.

"இருநூற்றுப் பதினாலு" என்று வாசித்தான். என் பக்கம் திரும்பினான். "உன் கூட்டாளிதானே? எங்கே?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் எனக்குள் ஓடியதெல்லாம் அன்காவின் கட்டில் தெருவில் பனியில் கிடந்த காட்சிதான். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். என் மௌனத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். அவனிடமிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், "சரிப்பா. போய் உட்காரு. கொண்டு வந்துடறோம்" என்றான். பிறகு சத்தமாக, "ஒருத்தன் உள்ளே இருக்கான். யார் வரீங்க?" என்றான்.

மூன்று பேர் வந்தார்கள். மூவரும் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். ரீஸ் என்று ஒரு வேல்ஸ்காரன், தலை நரைத்தவன், கோயிலில் பாடுகிறவன். இன்னும் இருவர் ஐரிஷ் அண்ணன் தம்பி. எங்கள் வரிசை ஆட்கள் யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? மிகால் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு காலால் பனியைக் கிளறினார்கள். அதைப் பார்த்த ஐரிஷ்காரன் ஒருவன், "உங்க ஆள்தானேடா, நாய்களா" என்று துப்பிவிட்டு இறங்கினான். பிரிட்சர்ட் முன்னால் போனான். கையில் பாதுகாப்பு விளக்கு. இடிந்த பின் அங்கே கெட்ட காற்று தேங்கும், விளக்கின் சுடர் சுருங்கினால் ஆளும் சுருங்க வேண்டியதுதான்.

நான் வீட்டுக்கு ஓடினேன். தொங்குகிற கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டு எப்படி ஓட முடியுமோ அப்படி.

வெரோனா முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள். இடிந்த சத்தம் அங்கேயும் கேட்டிருந்தது. என்னைக் கண்டதும், "மாதாவே" என்று கத்தியைப் போட்டாள். "உயிரோட இருக்கீங்களே. உக்காருங்க. கை என்ன ஆச்சு?"

"மைனி, வில்லை பலகையில இருக்கு."

"எந்த வில்லை?"

"அண்ணனோடது. உள்ள இருக்காருன்னு தேடிப் போயிருக்கானுவ."

வெரோனா குனிந்தாள். கத்தியை எடுத்தாள். மறுபடி நறுக்கினாள்.

"எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"யாரு யாரு?"

"மேஸ்திரிதான் முதல்ல போனான்."

கத்தி நின்றது. அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் பார்த்தேன். எனக்கும் அதே நினைப்பு வரும் வழியெல்லாம் வந்திருந்தது. அதனால்தான் என்னால் அடையாளம் காண முடிந்தது.

"அவன் திரும்பி வரலேன்னா..." என்றாள். நறுக்கினதைக் கையால் ஒதுக்கினாள். பிறகு, "அவனுக்குப் பொண்டாட்டி உண்டா?" என்றாள்.

"வாசல்ல நிக்கா. சால்வை கூட இல்லாம ஓடி வந்திருக்கா."

அடுப்பில் இரண்டு கெட்டிலும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. வெரோனா நறுக்கின கோசை எடுத்துப் பானையில் போட்டாள். உப்புப் போட்டாள். அவள் உப்பை இரண்டாம் தடவை போட்டதை நான் பார்த்தேன், சொல்லவில்லை.

"என் பூட்ஸ எங்க வச்ச?"

தலையணையிலிருந்து அண்ணன் தலையைத் தூக்கியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம்.

"எதுக்கு?" என்றாள் வெரோனா.

"எடு."

"நான் போய்ச் சொல்லுதேன் அண்ணே" என்றேன். "எல்லாத்தையும் சொல்லிருதேன்."

"அப்பவே... சொல்லிருக்கணும்லே." அதட்டவில்லை. அதட்ட மூச்சு இல்லை. "இப்ப நீ சொன்னா... மண்டையில அடிபட்டவன் உளறுதான்னுவானுவ. இவ சொன்னா... புருஷன் செத்த வெறியில கத்துதான்னுவானுவ. மணி அடிச்சுத் திருப்பிக் கூப்பிட மாட்டானுவ. என்னைப் பாக்கணும்."

"மேட்டுல பாதி கூட ஏற மாட்டீங்க."

"சறுக்குவண்டி இருக்குல்லா."

வெரோனா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "வீடு போயிருமே" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "இந்தப் பனியில உங்களை எங்க கொண்டு வைப்பேன்? மூச்சு விட ஒரு அடுப்பு ஓரம் வேண்டாமா?"

"எனக்காக ஒருத்தன் உள்ள செத்தான்னா... இந்த அடுப்பு ஓரத்துல எப்படி உக்காருவேன்? நீ சொல்லு."

அவள் பூட்ஸை எடுத்து வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, மாட்டிக் கயிற்றை இழுத்தாள். கால் வீங்கியிருந்தது, கட்ட வரவில்லை. கயிற்றை உருவி எறிந்துவிட்டுத் துணியால் சுற்றிக் கட்டினாள்.

கரி பொறுக்கும் சறுக்குவண்டியில், கரித்தூள் மேலேயே, அவரை உட்கார வைத்தோம். எலும்பும் தோலும்தான், ஆனாலும் மேடு. வெரோனா கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள். நான் பின்னால் ஒற்றைக் கையால் தள்ளினேன். இல்கா பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடிவந்தவள், அப்பாவின் முதுகுக்குப் போர்வையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். பனியில் கால் சறுக்கியது. ஒருதடவை வெரோனா முழங்காலில் விழுந்தாள். எழுந்திருக்காமலே இரண்டடி இழுத்தாள். அண்ணன் வாயைத் திறந்து, கரையில் போட்ட மீன்போல, காற்றைக் கடித்துக் கடித்து எடுத்தார்.

வாசலில் ஃபின் மறித்தான். "யார் இது?"

"இருநூற்றுப் பதினாலு" என்றேன். ஆங்கிலம் கேட்டால் எனக்குப் புரியும், வாயில் வருவது எண்ணும் வசவும் இப்படி நாலு துண்டும்தான். "இவர்தான். உள்ளே யாரும் இல்லை. மணி அடி."

"இவனா? இவன்தான்னு யார் சொன்னா? அவனோட அண்ணனைக் கொண்டு வந்து காட்டறியா?"

சொன்னேனே, அவனுக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரே முகம். அந்த முகத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு ஆறு வாரம் ஏமாற்றியிருந்தோம். இப்போது அதுவே கதவைச் சாத்திவிட்டது.

அண்ணன் என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். முறிந்த தோள். நான் பல்லைக் கடித்தேன். அவர் பேச வாயெடுத்தார், பேச்சு வரவில்லை. பனியில் துப்பினார். வெள்ளைப் பனியில் தார் சொட்டின மாதிரி விழுந்தது. பிறகு எங்கள் வரிசை ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது பேர் இருக்கும். ஒவ்வொருவன் வீட்டிலும் ஏதாவது ஒன்று இப்படி மறைக்க இருந்தது. ஒருவனும் அசையவில்லை.

கிழவர் யுர்கோ முதலில் தொப்பியை எடுத்தார். "அது மிகால்" என்றார். "எங்க மிகால். மூணாவது வீடு." அப்புறம் அவர் பக்கத்தில் நின்றவன். "மிகால்தான்." அப்புறம் பெண்கள். "மிகால், மிகால்" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே எல்லாரும் முன்னால் வந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த வாசலில் அவருடைய பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரிட்சர்டின் மனைவி, சால்வை இல்லாத அந்தப் பெண், ஃபின்னைத் தள்ளிவிட்டு ஓடி மணிக்கயிற்றைத் தானே பிடித்து இழுத்தாள்.

கால் மணி நேரத்தில் வந்தார்கள். ஐரிஷ்காரர்கள் ரீஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் சாம்பல் நிறம். பனியில் கிடத்திக் கன்னத்தில் அறைந்தார்கள், வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. பிரிட்சர்ட் கடைசியில் வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணனைப் பார்த்தான், பலகையில் தொங்கிய வில்லையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விஷயம் அவனுக்கு விளங்கியதும் நடந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பிறகு திரும்பி, கெட்ட காற்றுக் குடித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போ அவனை" என்றான். "பனியில நிக்கறான்."

அதன் பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ரீஸ் பிழைத்தான். ஆனால் நாக்கு குழறிவிட்டது, அதற்குமேல் கோயிலில் பாடவில்லை. நான் வாய் திறக்காமல் இருந்த அந்த அரை மணி அவன் வாயில்தான் போய் உட்கார்ந்தது. என்னைத் தெருவில் கண்டால் அவன் மனைவி அந்தப் பக்கம் போய்விடுவாள். அந்த வட்டாரத்துச் சுரங்கம் எதிலும் எனக்கு அப்புறம் வேலை இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கம்பெனிக் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. நானே வாசித்தேன். முழுசாக ஒரு எழுத்தும் தடுக்காமல் நான் வாசித்த முதல் கடிதம் அதுதான். மிகால் அண்ணன் இன்னும் பதினோரு நாள் இருந்தார், நாலாம் ஞாயிறு விடியற்காலையில் போனார். பூசைக்குப் போனவர்கள் விளக்கோடு அப்படியே வீட்டுக்கு வந்து நின்றார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வெரோனாவும் இல்காவும் சாமான்களோடு அவள் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு நிலவறைக்குப் போனார்கள்.

சொல்ல வந்தது இதுவல்ல. அந்தச் செவ்வாய்க்கிழமைச் சாயங்காலம்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார வைத்ததும் அண்ணன் நடுங்கிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைக் கட்டிவிட்டுப் போனார். இருட்டும் நேரம். இல்கா விளக்கேற்றினாள். உப்புக் கூடின சூப்பை யாரும் குடிக்கவில்லை.

"வெரோனா" என்றார். "தொட்டிய இழுத்துப் போடு."

"எதுக்கு?"

"முதுகு தேச்சு விடு."

அவள் அப்படியே நின்றாள். "இன்னும் கிறிஸ்துமஸ் வரலையே."

"இனி... இதுக்கு வேலை இல்ல."

ஆறு வாரமாகத் தை மாசம், தை மாசம் என்றவர். நான் சுவரைப் பார்த்தேன். வெரோனா தகரத் தொட்டியை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அவரைத் தொட்டிக்குள் குறுக்குப் பலகையில் உட்கார வைத்து, முன்னால் தலையணைப் பலகையை நகர்த்திச் சாய்த்தாள். சட்டையைக் கழற்றினாள். முதல் கெட்டிலை ஊற்றிச் சோப்புப் போட்டாள். தண்ணீர் மை மாதிரி இறங்கியது. தேய்த்தாள், ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள். கரிக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வந்தது. அதில் நீலக்கோடுகள். கரி விழுந்து வெட்டின இடத்தில் கரித்தூளையும் உள்ளே வைத்தே மூடிக்கொண்ட தழும்புகள். அவை எந்தச் சோப்புக்கும் போகாது.

"அப்பா வெள்ளையா இருக்காரு" என்றாள் இல்கா.

அப்போது கதவு தட்டப்பட்டது. நாங்கள் சொல்வதற்கு முன் திறந்தது. பிரிட்சர்ட்.

காலையில் பார்த்த அதே கறுப்போடு நின்றான். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. தொப்பியைக் கையில் எடுத்திருந்தான். தொட்டியைப் பார்த்ததும் கண்ணை என் பக்கம் திருப்பினான்.

"நான் எழுதித்தான் ஆகணும்" என்றான் என்னிடம். "அத்தனை பேர் பார்த்திருக்காங்க. மறைக்க முடியாது. காகிதம் வர்றதுக்கு முன்னாடி நானே வந்து சொல்லணும்னு தோணிச்சு. காலி செய்யற தேதியைக் கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் தள்ளி எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்லை. அவங்ககிட்டச் சொல்லு."

நான் சொன்னேன். வெரோனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் சோப்பு நுரை. ஒரு கை அண்ணனைச் சரியாமல் பிடித்திருந்தது, மற்ற கை தேய்த்துக்கொண்டிருந்தது.

"கதவச் சாத்தச் சொல்லுங்க, கும்பாதிரி. இவருக்குக் குளிருது."

அவன் சாத்தினான். உள்பக்கமாக நின்று சாத்தினான். போகவில்லை. அவன் காலிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. அண்ணன் முதுகில் நுரை ஆறிக்கொண்டிருந்தது. ஊற்ற வேண்டிய தண்ணீர் தீர்ந்துவிட்டது, எனக்கோ ஒரு கை கட்டிப்போட்டிருந்தது. வெரோனா அடுப்பைப் பார்த்தாள். யாரும் தொடக்கூடாத கெட்டில் அங்கே கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, மேஸ்திரியை நேராகப் பார்த்து, மோவாயால் அடுப்பைக் காட்டினாள்.

"அத எடுங்க" என்றாள், எங்கள் பேச்சிலேயே.

அவனுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தொப்பியை மேசைமேல் வைத்தான். கெட்டிலை எடுத்தான். பச்சைத் தண்ணீர் வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு அதில் கலந்து, தன் புறங்கையில் சொட்டுவிட்டுச் சூடு பார்த்தான். அவன் வீட்டிலும் யாருக்கோ செய்து பழகின கை அது. பிறகு குனிந்து, வெரோனாவின் கை போகிற இடமெல்லாம் பின்னாலேயே மெல்ல ஊற்றினான். இருவர் கையும் தட்டிக்கொள்ளாமல் போயின. தண்ணீர் கறுப்பாக இறங்கியது, பிறகு சாம்பலாக.

அண்ணனின் தோள் குலுங்கியது. இருமல் வருகிறது என்று நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். குனிந்து முகத்தைப் பார்த்தேன். இருமல் இல்லை. கெட்டிலையும் மேஸ்திரியையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், இருக்கிற மூச்சையெல்லாம் அதற்கே செலவழித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெரோனாவும் பார்த்துவிட்டாள். அவள் உதடு ஒரு தரம் துடித்தது.

"சிரிக்காதீங்க" என்றாள். "அசையாம இருங்க. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."